பதினோரு அடுக்கும் ஈரம்

அத்தியாயம் 9

பனி விழத் தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. விறகுத் தொட்டியின் இரும்புக் கதவு தினமும் காலை ஏழு மணிக்குத் திறந்தது, மாலை ஆறு மணிக்கு மூடியது. இடையில் ஒரு கட்டைகூட வெளியே போகவில்லை.

காரணம் ஒரே ஒரு சொல். ஈரம்.

சொன்னவள் பெரியக்கா. அவள் சொல்லிவிட்டால் அந்தத் தொட்டியில் அதற்கு மேல் பேச்சில்லை.

அவளுடைய அப்பா காலத்தில் ஒரு தடவை, சரியாகக் காயாத விறகு ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. ஈர விறகின் புகை தார் மாதிரி புகைக்குழாயின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டே வந்து, ஒரு நாள் அந்தத் தாரே பற்றிக்கொண்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரை போயிற்று. அதோடு குடும்பத்தின் பெயரும் பாதி போயிற்று. அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு. வீட்டுக்கு மூத்தவர் தட்டிக் கேட்டு, ‘போகலாம்’ என்று சொன்ன பிறகுதான் எந்த அடுக்கையும் பிரிக்க வேண்டும்.

அப்பாவுக்குப் பிறகு இருபத்திரண்டு வருடமாக அந்தக் காது பெரியக்காவின் காது.

ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் இரண்டு கட்டைகளை உருவுவாள். நடுவில் லேசாகப் பிடித்து ஒன்றோடொன்று தட்டுவாள். காய்ந்த விறகு ‘ணங்’ என்று கணீரென்று பேசும். ஈர விறகு ‘தொப்’ என்று விழும். ஊரில் இந்தத் தொட்டிக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்த ‘ணங்’கில்தான் இருந்தது.

போன குளிர்காலத்தில் அந்தக் காதுதான் ஒரு தம்பியையும் வெளியே அனுப்பியது. நடுத்தம்பி தன் பொறுப்பில் பிளந்து அடுக்கிய தைலமர விறகை வண்டியில் ஏற்றி வாசல் வரை கொண்டுவந்துவிட்டான். பெரியக்கா வண்டியை நிறுத்தி, எட்டு வாடிக்கைக்காரர்கள் பார்க்க, தட்டினாள். “ஈரம். இறக்கு” என்றாள். அவன் இறக்கினான். கடைசிக் கட்டையை இறக்கிய கையோடு வண்டிச் சாவியை அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனான். இப்போது ஊரின் மேட்டுப்பக்கம் அவனுக்கென்று ஒரு தொட்டி. பதினோரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த வருடம் பதினோரு அடுக்கு. இன்று காலையும் பெரியக்கா பதினொன்றையும் தட்டிவிட்டாள்.

தொப். தொப். தொப்.

“ஈரம்” என்றாள்.

கடைக்குட்டித் தம்பி லாரிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தான். “சவுக்கு அடுக்குமாக்கா? சவுக்கு எட்டு மாசத்துல காய்ஞ்சிடும். இது பத்து மாசம் ஆச்சு.”

“மாசத்தை யாருடா கேட்டா? கட்டையைக் கேளு.”

“கட்டைதான் வாயைத் திறக்க மாட்டேங்குதே.”

“திறக்கிற அன்னிக்குப் போகும்.”

அவன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் முன்னறை வாசலில் நின்றிருந்தாள். கல்யாணத்துக்கு முன் பார்சல் அலுவலகத்தில் எடைபோடும் இடத்தில் வேலை பார்த்தவள். அதனால் இந்த வீட்டில் அவளுக்குப் பெயரே ‘பார்சல்’ என்றாகிவிட்டது. பூசணிக்காயைக் கையில் வாங்கினால்கூட எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். அவள் ஏதோ சொன்னாள்.

“வாய்க்குள்ளயே பேசாதம்மா” என்றாள் பெரியக்கா. “இந்த வீட்டுல எல்லாரும் வாயைத் திறந்துதான் பேசுவோம்.”

“டீச்சர் வந்திருக்காங்கன்னு சொன்னேன்கா.”

கணக்கு டீச்சர் இருபது வருட வாடிக்கை. கழுத்து வரை சால்வையைச் சுற்றிக்கொண்டு, மூக்கு சிவந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

“வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகி நாலு நாள். நேத்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். ரூம் சூடா இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். பழைய விறகு இன்னிக்குக் காலையோட தீர்ந்துபோச்சு. அரை லோடாவது குடுங்க.”

பெரியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி சவுக்கு அடுக்குக்குப் போனாள். இரண்டு கட்டை எடுத்தாள். காதருகே வைத்துத் தட்டினாள். தொப்.

“இல்ல டீச்சர். நோயாளி இருக்கிற ரூம்ல புகை போட நான் விறகு தர மாட்டேன்.”

“மூணு வாரமா இதையேதானே சொல்றீங்க? இந்த வருஷம் அடிச்ச வெயில்ல என் கொடித் துணி வெளுத்தே போச்சு. உங்க விறகு மட்டும் எப்படிக் காயாம நிக்கும்?”

“துணி வேற, மரம் வேற டீச்சர்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் ஒரு பையன் தப்பான விடையையே மூன்றாம் முறையும் சொன்னால் அப்படித்தான் துடைப்பார். “சரி. நான் மேட்டுக்குப் போறேன். சொல்லாமப் போகக் கூடாதுன்னுதான் வந்தேன்.”

அவர் போனதும் கடைக்குட்டி சாவியை மேசைமேல் வீசினான்.

“இது பதினேழாவது வீடு! போறவங்க எல்லாம் அண்ணன்கிட்டதான் போறாங்க. நம்ம விறகு இங்க மலை மாதிரி நிக்குது. நான் இன்னிக்கு ஏத்தப்போறேன்கா. உன்னைக் கேக்கல, சொல்றேன்.”

“ஏத்து” என்றாள் பெரியக்கா. குரல் உயரவே இல்லை. “ஏத்திட்டு, உன் அண்ணன் போன வழியிலேயே நீயும் போ. கதவை நானே பிடிச்சுக்கிறேன்.”

கடைக்குட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் சாவியைப் பார்த்தான். எடுத்துவிட்டால் எடுத்ததுதான் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் பார்சல் உள்ளே போய், தன் பழைய தட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை மேசையில், சாவியின் மேலேயே வைத்தாள். எடுக்க வேண்டுமானால் இனி தராசைத் தூக்க வேண்டும்.

“இது என்ன?” என்றாள் பெரியக்கா.

பார்சல் இந்த முறை எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, உரக்கப் பேசினாள். “விறகு பிளந்த அன்னிக்கு ஒவ்வோர் அடுக்குலயும் ஒரு கட்டையை எடை போட்டு, அதோட முகத்துலயே கரியால எழுதி வச்சேன்கா. பச்சை மரத்துல பாதி தண்ணிதானே. தண்ணி போகப் போக எடை குறையும். குறையறது நின்னுச்சுன்னா, போக இனிமே தண்ணி இல்லன்னு அர்த்தம். நாலாவது அடுக்கு, சீகை மரம். பிளந்த அன்னிக்கு நாலு கிலோ இருநூறு. இப்போ ரெண்டு கிலோ எழுநூறு. ஒன்றரை மாசமா ஒரு கிராம்கூட இறங்கல.”

“மரத்தைத் தராசுல போட்டுப் பாக்க இது என்ன பார்சல் ஆபீசா?”

“நான் பார்சல்தானேக்கா.”

கடைக்குட்டிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

“தராசு வேணாம்னா எரிச்சே பாத்துடலாம்கா. ஈரமா இருந்தா கட்டையோட ரெண்டு முனையிலும் நுரை தள்ளும். மறைக்க முடியாது.”

மறுக்க வழியில்லை. முன்னறையில் இரும்பு அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, போன வருட மிச்சத்தில். பெரியக்கா யாரையும் நம்பவில்லை. தானே போய் நாலாவது அடுக்கின் நடுவிலிருந்து, காற்றும் வெயிலும் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்திலிருந்து, ஒரு கட்டையை உருவிக்கொண்டு வந்தாள். அடுப்பில் வைத்தாள். கதவைத் திறந்தே வைத்து எதிரில் குந்தினாள்.

கட்டை பற்றியது. மஞ்சளாக, சாதுவாக எரிந்தது. முனையில் நுரை இல்லை. புகையும் இல்லை.

“ஒண்ணு தப்பிச்சிருக்கும்” என்றாள்.

ஒன்றாவது அடுக்கு சவுக்கு. ஏழாவது அடுக்கு புளி. பத்தாவது அடுக்கு தைலமரம். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள், ஒவ்வொன்றாக வைத்தாள். சவுக்கு சீக்கிரம் பிடித்து வெள்ளையாக எரிந்தது. புளி நிதானமாகப் பிடித்து, சிவந்து, நின்று எரிந்தது. எதிலும் ஒரு பொட்டு நுரை இல்லை.

பெரியக்காவின் நெற்றி வியர்த்தது. அடுப்பின் சூட்டால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

“ஈரம்னா எப்படி இருக்கும்னே உங்க ரெண்டு பேருக்கும் மறந்துபோச்சு. நான் காட்டுறேன்” என்று விருட்டென்று எழுந்தாள். முந்தாநாள் வெட்டிவந்து கொல்லையில் கிடந்த பச்சைச் சீகையில் ஒரு துண்டைக் கொண்டுவந்து தணலின்மேல் போட்டாள்.

அது பற்றவில்லை. கறுத்தது. இரண்டு முனைகளிலும் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகக் கொப்பளித்துச் சொட்டியது.

“பாத்தீங்களா? இதுதான்…” என்று திரும்பியவள் பாதியில் நிறுத்தினாள்.

கடைக்குட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். பார்சல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, எடுத்துடுங்கக்கா! விசில் ஊதற மாதிரி கத்துது. காதைக் கிழிக்குது.”

பெரியக்கா அடுப்பைப் பார்த்தாள். நுரை கொப்பளித்துக்கொண்டிருந்தது. தணல் இடிந்து விழும் ‘பொத்’ என்ற சத்தம் கேட்டது. வெளியே தூரத்தில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு மேட்டில் ஏறுவது கேட்டது. விசில் கேட்கவில்லை.

“இப்பவும் கத்துதா?” என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காதைப் பொத்தியிருந்த கைகளைப் பார்சல் மெதுவாகக் கீழே இறக்கினாள்.

“இன்னும் ஜோராக் கத்துதுக்கா” என்றான் கடைக்குட்டி. அவன் குரலில் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

பெரியக்கா இடுக்கியால் அந்தக் கட்டையை எடுத்து வெளியே மண்ணில் வீசினாள். திரும்பி வந்து இரண்டு காய்ந்த கட்டைகளை எடுத்தாள். தட்டவில்லை. பார்சலிடம் நீட்டினாள். பார்சல் தட்டினாள்.

“என்ன சொல்லுது?”

“ணங்ன்னு சொல்லுதுக்கா. கோயில் மணி… அவ்வளவு இல்ல. ஸ்பூனால டம்ளரைத் தட்டின மாதிரி.”

தனக்கு ‘தொப்’ என்றுதான் கேட்டது என்று பெரியக்கா சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

“எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?”

“ஆறு மாசமா ஒரு சந்தேகம். நான் பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க. இவர் கூப்பிட்டா திரும்புவீங்க. இவர் குரல் கட்டைக் குரல், என்னுது கீச்சுக் குரல்.” கொஞ்சம் தயங்கினாள். “நான் வாய்க்குள்ள பேசலக்கா. ஒரு நாளும் பேசல.”

வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லை எரிந்து விழுந்திருப்பாள். பெரியக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள். தான் தட்டிய தட்டெல்லாம் ஞாபகத்தில் வந்து நின்றது. விறகு தினமும் வாய் திறந்துதான் பேசியிருக்கிறது. பதினேழு வீட்டை அவள்தான் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

“ஊருக்கு எதுக்குக்கா இதெல்லாம் சொல்லணும்?” என்றான் கடைக்குட்டி. “நேத்து வரைக்கும் ஈரம், இன்னிக்குக் காய்ஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம். யார் கேக்கப்போறா?”

“டீச்சர்கிட்ட காலைல என்ன சொன்னேன்?”

“ஈரம்னு.”

“அது பொய்யாப் போச்சு. இப்போ அதை மறைக்க இன்னொரு பொய்யா? இந்தத் தொட்டி அதுக்கு இல்லடா.” எழுந்தாள். “தப்புச் சொன்ன வாயே போய் மாத்திச் சொல்லணும். வண்டியை எடு. அரை லோடு.”

தராசைத் தூக்கிச் சாவியை எடுத்துக் கொடுத்தவள் பார்சல்தான்.

விறகைப் பெரியக்காவே பொறுக்கினாள். நோயாளி இருக்கும் அறை என்பதால் ஊசியிலை மரத்தில் சுள்ளி மட்டும் ஒரு கட்டு. அது சீக்கிரம் பற்றும், ஆனால் பிசினும் கரியும் அதிகம், பற்றவைத்ததோடு அதன் வேலை முடிந்தது. அறை சட்டென்று சூடாகச் சவுக்கு. பகல் முழுக்க எரியச் சீகை. அடிக்கடி எழுந்து போடாமல் தணல் நிற்பதற்குப் புளி. தைலமரம் வேண்டாம், அதன் வாசம் சிலருக்கு இருமலைக் கிளப்பும். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கட்டையைப் பிளந்து, பிளந்த முகத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் இருந்தால் சில்லென்று ஒட்டும். எதுவும் ஒட்டவில்லை. கன்னம் பொய் சொல்லவில்லை. காதை மட்டும் நம்பி, இத்தனை நாள் அதைக் கேட்காமல் விட்டுவிட்டாள்.

வண்டியின் முன்பக்கம் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பாதி வழியில் பெரியக்கா கேட்டாள், ரோட்டைப் பார்த்தபடியே.

“போன வருஷமும் எடை போட்டியா?”

கடைக்குட்டி கியரை மாற்றுவதில் மும்முரமானான்.

“போட்டேன்கா” என்றாள் பார்சல், அவள் காதுப்பக்கம் குனிந்து. “நான் வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. சும்மா பழக்கதோஷம். இவர் அண்ணன் அடுக்கிலேருந்து ஒரு கட்டையை வாரா வாரம் போட்டேன். அந்த ரெண்டு மாசத்துல அது இறங்கவே இல்ல.”

“காய்ஞ்சிருந்துச்சு.”

“ஆமா.”

“ஏன் சொல்லல?”

“புதுப்பொண்ணு. எட்டுப் பேர் முன்னால நீங்க ஈரம்னு சொன்னப்புறம் நான் எப்படிக்கா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்பது பெரியக்காவுக்குத் தெரிந்தது.

டீச்சர் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. ஒரு வண்டி போகும் அகலம்தான் சந்து. இவர்கள் போய் நின்றபோது பக்கவாட்டுக் கொட்டகையில் ஏற்கெனவே விறகு வந்து இறங்கியிருந்தது. மேட்டுத் தொட்டி விறகு.

பெரியக்கா இறங்கினாள். முதலில் டீச்சரைப் பார்க்கவில்லை, விறகைத்தான் பார்த்தாள். கீழே இரண்டு குறுக்குக் கட்டை கொடுத்து, தரையில் படாமல் அடுக்கியிருந்தது. பட்டைப்பக்கம் மேலே. பருமன் கீழே, சன்னம் மேலே. பின்சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி விட்டு, காற்று உள்ளே போய் வர வழி வைத்திருந்தது. குறை சொல்ல ஓர் இடம் தேடினாள். கிடைக்கவில்லை. ஒரு கட்டையை எடுத்து, மூலையில் இருந்த கோடாலியால் ஒரே போடு. பிளந்த முகத்தைக் கன்னத்தில் வைத்தாள்.

காய்ந்திருந்தது. நன்றாகவே காய்ந்திருந்தது.

“என்னங்க, கன்னத்துல வச்சுக் கொஞ்சறீங்க?” என்று கேட்டுக்கொண்டே டீச்சர் வெளியே வந்தார். பிறகு உதட்டில் விரல் வைத்தார். “மெதுவாப் பேசுவோம். இப்பதான் தூங்கறார்.”

“மெதுவாப் பேசினா எனக்குக் கேக்காது டீச்சர்.”

சொல்லிவிட்டாள். வெளியாள் ஒருத்தரிடம் முதல் தடவை. தரை பிளக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை.

“காலைல நான் ஈரம்னு சொன்னது தப்பு. விறகுல கோளாறு இல்ல, என் காதுலதான். அதைச் சொல்லிட்டு, அரை லோடு இறக்கிட்டுப் போகலாம்னு வந்தேன். இறக்க இடமில்லாம நல்ல விறகா வந்து இறங்கியிருக்கு. சந்தோஷம்.”

டீச்சர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. “இது பாதிதாங்க. மீதி இன்னும் கொஞ்ச நேரத்துல கொண்டுவர்றேன்னு உங்க தம்பி போயிருக்கார். டீ போடட்டுமா?”

“இன்னொரு நாள். முதல்ல அவருக்கு உடம்பு தேறட்டும்.”

கடைக்குட்டி வண்டியைத் திருப்பி எடுத்தான். சந்தின் பாதியில் ஹாரன் சத்தம். கட்டையான ஹாரன், பெரியக்காவுக்கே கேட்டது. எதிரே ஒரு வண்டி வந்து, மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி நின்றது. முதுகில் விறகு. ஓட்டிக்கொண்டு வந்தவன் நடுத்தம்பி.

யாரும் அசையவில்லை.

“லோடு வண்டிக்குத்தான் வழி விடணும்” என்று முணுமுணுத்தான் கடைக்குட்டி. “ரெண்டுமே லோடு.”

எதிர் வண்டியில் நடுத்தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடையை இறுக்கிக்கொண்டு. அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் அந்தத் தாடைதான்.

“பின்னால எடு” என்றாள் பெரியக்கா.

“என்னக்கா?”

“உனக்குமா காது கேக்கல? பின்னால எடுடா.”

தன் வண்டி ஒருத்தருக்காகப் பின்னால் போய் அவள் பார்த்ததில்லை. கடைக்குட்டி எடுத்தான், வாசல் வரைக்கும். நடுத்தம்பி வண்டி தயங்கித் தயங்கி உள்ளே வந்து நின்றது. அவன் இறங்குவதற்குள் பெரியக்கா இறங்கி, அவன் வண்டியின் பின்பக்கம் போய், இரண்டு கட்டையை உருவினாள்.

அவன் முகம் மாறியது. போன வருடம் பார்த்த அதே காட்சி. “இங்கயும் வந்துட்டியா தட்டறதுக்கு?”

“நான் தட்டல. நீ தட்டு.” கட்டைகளை அவனிடம் நீட்டினாள். “தட்டிக் கேட்டு எனக்குச் சொல்லு.”

“என்ன விளையாட்டு இது?”

“விளையாட்டு இல்ல. எனக்குக் காது கேக்கலடா.”

அவன் கடைக்குட்டியைப் பார்த்தான். கடைக்குட்டி தலையாட்டினான். பார்சல் தலை குனிந்தாள். நடுத்தம்பி கட்டைகளை வாங்கினான். தட்டினான். இன்னொரு தடவை தட்டினான்.

அவன் பொய் சொல்லியிருக்கலாம். அக்காவுக்குத்தான் கேட்காதே.

“இது ஈரம்” என்றான். “இன்னும் ஒரு மாசமாவது நிக்கணும். காலைல இறக்கினது பழைய அடுக்கு, அது சுத்தமா இருக்கு. உன் தொட்டியிலேருந்து திரும்பி வந்தவங்க எல்லாரும் ஒரே நேரத்துல வந்து நின்னாங்க. காய்ஞ்சது தீர்ந்துபோச்சு. இதை ஏத்தும்போதே கைக்குத் தெரிஞ்சது. ஏத்திட்டேன்.”

பெரியக்காவுக்கு நாக்கின் நுனி வரை ‘பாத்தியா’ என்று ஒரு சொல் வந்தது. பதினோரு மாதமாகக் காத்திருந்த சொல். விழுங்கினாள்.

“என் வண்டியில காய்ஞ்சது இருக்கு. அதை இறக்கு.”

“காய்ஞ்சதுன்னு யாரு சொன்னா? நீயா?”

“பார்சல் சொன்னா. தராசு சொல்லிச்சு. கடைசியா என் கன்னம் சொல்லிச்சு. நான் ஈரம்னுதான் சொன்னேன்.”

அவன் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னான். உதடு அசைந்தது தெரிந்தது. அவ்வளவுதான்.

“எனக்குக் கேக்கல” என்றாள் பெரியக்கா. “சத்தமாச் சொல்லு.”

அவன் நிமிர்ந்தான்.

“போன வருஷம் என் அடுக்கும் காய்ஞ்சுதான் இருந்துச்சு!”

சந்தில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. டீச்சர் வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். தூங்கினவர் விழித்துவிட்டார் போலிருக்கிறது.

“ஆமா” என்றாள் பெரியக்கா, அவனைவிட உரக்க. “காய்ஞ்சுதான் இருந்துச்சு. நான் சொன்னதுதான் தப்பு.”

நடுத்தம்பி அதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த கட்டைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றான். குரல் இறங்கியது, ஆனால் அக்காவுக்குக் கேட்கும் அளவோடு நின்றது.

“இதை முட்டுச்சந்துல சொல்லிட்டுப் போயிடலாமா? அன்னிக்கு நீ சொன்னது தொட்டி வாசல்ல. எட்டுப் பேர் முன்னால.”

“அதே வாசல்லதான் சொல்லுவேன். அதே எட்டுப் பேரையும் கூப்பிட்டு. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி.”

“சொல்லு. வாசல் வரைக்கும் வந்து நிக்கிறேன். உள்ள வர்றதா வேணாமான்னு அதுக்கப்புறம் பாக்கலாம்.”

“சரி. வந்து நில்லு.”

பிறகு நான்கு பேரும் வேலை பார்த்தார்கள். காய்ந்த லோடு கொட்டகைக்குப் போனது. அடுக்கியவன் நடுத்தம்பி, கடைக்குட்டி எடுத்துக் கொடுத்தான். ஒரு தடவை கை தவறி அண்ணன் காலில் ஒரு கட்டையைப் போட்டுவிட்டு, “தெரியாம விழுந்துடுச்சுண்ணே” என்றான். “தெரியும்டா” என்றான் அவன். இரண்டு பேரும் சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றார்கள்.

ஈர லோடு மேட்டுக்கே திரும்பிப் போனது, காய்வதற்கு.

காலி வண்டி சந்தை விட்டு வெளியே வந்ததும் பார்சல் பெரியக்காவின் பக்கம் குனிந்தாள். “அந்த எட்டுப் பேர் யாருன்னு ஞாபகம் இருக்காக்கா? போன்ல கூப்பிட்டு நான் சொல்லிடறேன்.”

“ஒருத்தரும் மறக்கல. முதல் ஆள் ரொட்டிக்கடைக்காரர். நான் ‘இறக்கு’ன்னு சொன்னப்ப ரொம்பச் சிரிச்சது அவர்தான். நடுத்தம்பி முதுகுல தட்டி, ‘போய்க் காய்ஞ்சுட்டு வா தம்பி’ன்னார்.”

“அவரை நான் பாத்துக்கிறேன். நீங்க அவர் முகத்துல முழிக்க வேணாம்.”

பெரியக்கா கழுத்துச் சால்வையை இழுத்துச் சரிசெய்தாள். முதுகு, காலையில் இருந்ததைவிடக் கொஞ்சமும் வளையவில்லை.

“போன் எல்லாம் வேணாம். வண்டியை ரொட்டிக்கடைப் பக்கம் திருப்புடா” என்றாள் கடைக்குட்டியிடம். “கூட்டம் இருக்கிற நேரம் இது. இப்பவே போவோம்.”